அவையில் எழுந்த குரல்

நாடகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் ஆசிரியனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நடிகனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அரங்கின் நீள அகலங்களைக்கூட அளந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அரங்கின் எதிரே தரையில் பாய் விரித்து, மடியில் குழந்தையைக் கிடத்தி, விடிய விடிய விழித்திருந்து, அழுது, சிரித்து, சினந்து, வாழ்த்திய மக்களைப் பற்றி விரிவாக எழுதியவர் மிகச் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பொழுது விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்கள். பார்த்தவனின் கதை பார்த்தவனோடு போயிற்று.

அப்படிப் பார்த்தவர்களுள் ஒருவரை நான் அறிவேன். அவருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அக்கடனின் ஒரு பகுதியைத் தீர்க்கும் முயற்சியே அன்றி வேறன்று.

என் தந்தையார் தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1936ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். நகராட்சியின் சாலைப் பணியில் கல் உடைப்பதும் தார் ஊற்றுவதும் அவர் வேலை. ரோவல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடித்துப் பிரித்த ஓர் அறையில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பாரதக் கதை முழுவதையும் அறிந்திருந்தார். ஏட்டிலிருந்து அறிந்ததன்று, கூத்திலிருந்து அறிந்தது.

மழை பெய்யும் இரவுகளில், கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, ஊர்க் கூத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அவர் சொல்லக் கேட்டதை என்னால் இயன்ற மட்டில் இங்கே தருகிறேன்.

திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் ஊரின் பகலும் இரவும் இடம் மாறிக்கொள்ளுமாம். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். பகலில் படித்த கதையே இரவில் கூத்தாகும். இரவுச் சோறு முடிந்து பத்து மணி அளவில் மத்தள ஒலி கேட்கும். அந்த ஒலி வயல்களைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு, வழிக்குத் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு, கூட்டங்கூட்டமாக மக்கள் வருவார்கள். அம்மன் திருவுருவமும் கூத்துக் களத்தைப் பார்த்தவாறு எழுந்தருளியிருக்கும். 'முதல் ஆட்டம் ஆத்தாவுக்கு. மிச்சம்தான் நமக்கு' என்பார் தந்தையார்.

களத்தில் வேடதாரி உடனே முகம் காட்டிவிட மாட்டான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். காற்சலங்கை மட்டும் ஒலிக்கும். மரத்தில் செய்த மகுடத்தின் உச்சியும் புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டுகளும் தீவட்டி வெளிச்சத்தில் மின்னும். கூட்டம் மூச்சடக்கிக் காத்திருக்கும். திரை விலகிய கணத்தில் எழும் ஆரவாரத்தில் உறங்கும் குழந்தைகள் விழித்து அழும். கட்டியக்காரன் அரசனுக்கு வாயிற்காவலன். அதே வேளையில் பார்வையாளரின் தோழனும் அவனே. 'யார் அங்கே கொட்டாவி விடுவது?' என்று பேர் சொல்லிக் கேட்பான். ஊர் மணியக்காரனின் கருமித்தனத்தைத் துரியோதனனின் அரண்மனைக் கதையோடு இணைத்துவிடுவான். ஒருவர் கால் ரூபாய் கொடுத்தால், துரௌபதியின் துயரத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டு, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று கூவிச் சொல்லிவிட்டுப் பிறகு துயரத்தைத் தொடர்வார்கள். அதனால் துயரம் குறைந்துவிட்டதாக எவரும் நினைத்ததில்லை.

துகிலுரியும் காட்சி வரும் இரவில் துச்சாதனன் வேடம் பூண்டவன் முதலில் சூடம் ஏற்றி, தான் செய்யப் போகும் பழிச்செயலுக்கு அம்மனிடம் மன்னிப்பு வேண்டிக்கொள்வான். அவன் சேலையில் கை வைத்ததும் கூட்டத்தில் பெண்கள் அலறுவார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும். 'கையை எடுடா!' என்ற கூச்சல் நாற்புறமும் எழும். அர்ச்சுனன் தபசு அன்று, உயர்ந்த பனைமரக் கம்பத்தில் வேடதாரி படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவான். உச்சியிலிருந்து வில்வமும் பூவும் எலுமிச்சையும் எறிவான். பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்து அதனை ஏந்திக்கொள்வார்கள். இறுதி நாளில் களத்து மண்ணைக் குவித்துத் துரியோதனனைப் பேருருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். விடியற்காலையில் அதன் மீதே பீமனும் துரியோதனனும் பொருவார்கள். பாஞ்சாலி கூந்தல் முடிந்த பின்னரே ஊரார் உள்ளம் ஆறி வீடு திரும்புவர்.

இவ்வளவையும் சொல்லிய தந்தையார் ஒன்றை மட்டும் நெடுநாள் சொல்லவில்லை. தாம் எந்த இடத்திலிருந்து பார்த்தார் என்பதை.

ஒருநாள் நானே கேட்டேன். 'ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து' என்றார். எங்கள் தெரு ஊருக்குப் புறத்தே இருந்தது. ஊர்த் தெருவார் களத்தைச் சுற்றி அமர்ந்திருக்க, எங்களவர்கள் ஓடைக்கரை மேட்டில் நின்று பார்ப்பார்களாம். 'முகம் தெரியுமா, அப்பா?' என்றேன். 'முகம் தெரியாது. குரல் வரும். நாம போடற சத்தமும் அங்க போகும்' என்றார். ஓடையைக் கடக்க உரிமையற்றிருந்த அந்த மனிதர்களின் குரலுக்கு மட்டும் ஓடையைக் கடக்க உரிமை இருந்தது. இதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

இனி, என் கடனின் கதைக்கு வருகிறேன்.

1974ஆம் ஆண்டு. எனக்கு வயது 27. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். நகரின் நடுவிலே ஒரு நல்ல மண்டபத்தில் தமிழ் நாடகம் ஒன்று நடைபெறவிருந்தது. இரண்டு நுழைவுச் சீட்டுகள் வாங்கினேன். தந்தையாருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் அணிந்து, தலைக்கு எண்ணெய் தடவி, என்னோடு வந்தார். சீட்டில் எண் போட்டிருந்தது. நாற்காலியிலும் எண் போட்டிருந்தது. மேடையிலிருந்து ஏழாவது வரிசை. அவர் அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. 'இது நம்ம எடம்தானா? யாரும் எழுப்ப மாட்டாங்களே?' என்று மெல்லக் கேட்டார். நான் சிரித்தேன்.

கதை கடன்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியது. இரண்டாம் பகுதியில் கடன் கொடுத்தவனின் ஆட்கள் வீட்டுச் சாமான்களை வாரிக்கொண்டு போகிறார்கள். ஒருவன் அடுப்படியிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்குகிறான். கணவன் தலை குனிந்து நிற்கிறான். மனைவி வாயடைத்துப் பார்க்கிறாள். மண்டபம் முழுவதும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

என் தந்தையார் எழுந்து நின்றுவிட்டார். 'பானைய வைடா கீழே! நாளைக்கு அவ எதுல சோறாக்குவா?'

சாலையில் பத்துப் பேரைக் கூப்பிட்டு வேலை வாங்கிய குரல் அது. மண்டபம் முழுவதும் ஒலித்தது. தலைகள் திரும்பின. 'உஷ்' என்றார்கள் சிலர். பின்வரிசையில் இளைஞர்கள் சிரித்தார்கள். இரண்டு வரிசைக்கு முன்னால் என் அலுவலக மேலாளர் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். அவரும் திரும்பிப் பார்த்தார். மேடையில் பானையைத் தூக்கியவன் ஒரு கணம் அப்படியே நின்றான், பிறகு போனான். நான் தந்தையாரின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். 'இது கூத்து இல்லை, அப்பா. மானம் போகிறது' என்றேன்.

அதன்பின் அவர் பேசவில்லை. முடியும் வரை இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பேருந்தில் திரும்பும்போது, 'நல்லாத்தான் இருந்துச்சு' என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு வேறொரு நாடகத்துக்கு அழைத்தேன். 'நீ போய்ட்டு வா தம்பி. எனக்கு அங்க இருக்கத் தெரியலை' என்றார். 1981இல் அவர் காலமாகும் வரை எந்த மண்டபத்துக்குள்ளும் அவர் மீண்டும் நுழையவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின், தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, அந்நாடகத்தில் கணவனாக நடித்தவரைக் கண்டேன். பேச்சு பழைய நாடகங்களை நோக்கிச் சென்றது. 'ஒருநாள் யாரோ ஒரு பெரியவர் எழுந்து பானையை வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாமல் உண்மையாகவே அழுதேன். பாராட்டுகள் பல கேட்டிருக்கிறேன். அதுபோல ஒன்று இன்றுவரைக்கும் வாய்க்கவில்லை. யார் என்றுதான் தெரியவில்லை' என்றார். அவர் என் தந்தையார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்துதான் இக்கேள்வி என்னைத் துரத்தத் தொடங்கியது: அவையில் இருக்கத் தெரியாதவர் என் தந்தையாரா, நானா? ஸ்டாம்ஃபோர்டு ரோட்டிலிருந்த செங்கல் நிற நூலகத்தில், 2004இல் அது மூடப்படும் வரைக்கும், பல மாலைப் பொழுதுகளை இக்கேள்வியோடு கழித்தேன்.

முதலில் நம் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கின் அளவுகள் சொல்லப்படுகின்றன. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். மேற்பலகைக்கும் தளத்துக்கும் இடைவெளி 4 கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. அதனை ஏறக்குறைய இரண்டடி என்று கொண்டால், பதினான்கடிக்குப் பதினாறடி. நம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. உள்ளே புகவும் வெளியேறவும் இரு வாயில்கள், மூவகைத் திரைச்சீலைகள். இவற்றையெல்லாம் இளமைப் பருவத்திலும் படித்திருக்கிறேன். ஆனால் இம்முறை என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. தூண்களின் நிழல் அரங்கில் விழாத வண்ணம் விளக்குகளை நிறுத்த வேண்டும் என்கிறார் ஆசிரியர். யாருக்காக இந்தக் கவலை? ஆடுபவளுக்கு நிழல் ஒரு தடையன்று. எதிரே இருந்து பார்ப்பவனின் கண்ணுக்காகவே ஒருவர் விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த முகமறியாப் பார்வையாளன்பால் எத்துணை மதிப்பு!

அடுத்துப் பரதரின் நாட்டிய சாத்திரத்தைக் கண்டேன். நடுத்தர அளவுள்ள ஆடரங்கம் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதனினும் பெரிதானால் குரல் தெளிவிழக்கும், முகத்தின் மெய்ப்பாடு தெரியாது போகும் என்று காரணமும் சொல்கிறது. அதன் 27ஆம் அத்தியாயம் ஒரு நாடகம் வெற்றி பெற்றதா என்பதை எப்படி அறிவது என ஆராய்கிறது. வெற்றி இருவகை. ஒன்று தெய்விகம், அவை நிறைந்திருந்தும் ஓசையோ இடையூறோ எழாமல் அமைவது. மற்றொன்று மானுடம், பார்ப்பவர்களின் வாயாலும் மெய்யாலும் வெளிப்படுவது. முறுவலிப்பதும், வாய்விட்டுச் சிரிப்பதும், 'நன்று' என்பதும், 'ஆகா' என வியப்பதும், 'அந்தோ' எனத் துயருறுவதும் வாய்வழி வெற்றி. மயிர்க்கூச்செறிவதும், இருக்கையை விட்டு எழுவதும், மேலாடையையும் மோதிரத்தையும் கழற்றி அளிப்பதும் மெய்வழி வெற்றி.

இருக்கையை விட்டு எழுவது! அந்த வரியை நான் பலமுறை படித்தேன். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படும் நூல் எதனை நடிகனின் வெற்றி என்று எழுதி வைத்ததோ, அதனை நான் மானக்கேடு என்று கருதிக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்பவனும் துயரைக் கண்டு துயருறுபவனுமே நல்ல பார்வையாளன் என்றும் அதே நூல் கூறுகிறது. அமைதியும் வெற்றியே, குரலும் வெற்றியே. ஒன்று மற்றொன்றைப் பார்த்து 'உஷ்' என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழகத்தில் பார்ப்பவர்களுக்கு நாடகம் எப்படிக் கிடைத்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒரு சான்று. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடிப்பதற்காகக் கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் வழங்க இராசேந்திர சோழன் காலத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கே காண வந்தவன் காசு கொடுத்து இருக்கை வாங்கியவன் அல்லன், விழாவுக்கு வந்தவன். தேரைப் பார்த்தது போலவே கூத்தையும் பார்த்தான். பாலக்காட்டு வட்டாரத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தை வைத்து நிகழும் தோற்பாவைக் கூத்திலோ, மனிதர் எவரும் வராவிட்டாலும் 21 விளக்குகள் ஏற்றப்பட்டுக் கூத்து நடக்கும். தாருகனோடு போர் புரிந்துகொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண இயலாமற்போன காளிக்காகவே அது நடக்கிறது என்பது நம்பிக்கை. 'முதல் ஆட்டம் ஆத்தாவுக்கு' என்று தந்தையார் சொன்னது அவருடைய கற்பனையன்று. நெடிய ஒரு மரபின் சுருக்கம்.

கடல் கடந்த நாடுகளிலும் இதுவே நிலை. கி.மு. 494இல் மிலேட்டசு நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியைப் பிரினிக்கசு என்பவர் ஏதென்சில் நாடகமாக்கியபோது அவையினர் அனைவரும் கதறி அழுதனர். தம்மவர் துயரை நினைவூட்டியதற்காக ஆசிரியருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது என்றும் தடுத்தனர் என எரொடோட்டசு எழுதியிருக்கிறார். அழுகையே ஒரு தீர்ப்பாயிற்று. 1599இல் இலண்டனில் எழுந்த குளோப் அரங்கில், ஒரு பென்னி கொடுத்தவர்கள் திறந்த முற்றத்தில் நின்றுகொண்டே பகல் வெளிச்சத்தில் ஷேக்ஸ்பியரைப் பார்த்தார்கள், கொட்டைகளைக் கொறித்தார்கள், பிடிக்காததைக் கூவி உணர்த்தினார்கள். 1613இல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பற்றி அரங்கே எரிந்தபோது, ஒருவருடைய காற்சட்டையில் பிடித்த தீயைப் புட்டியிலிருந்த மதுவை ஊற்றி அணைத்தார்களாம். பாரிசில் 1759 வரை செல்வர்கள் மேடையின் மீதே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தனர்.

அப்படியாயின், இருட்டில் ஓசையின்றி வரிசையாக அமர்ந்திருக்கும் இந்த ஒழுக்கம் எப்போது வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது ஐரோப்பாவில் சிறுகச் சிறுக நிலைபெற்றது. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் தம் இசை நாடகங்களுக்கென்றே கட்டிய அரங்கில், அவையின் விளக்குகளைத் தாழ்த்தி, மேடையை மட்டும் ஒளிரச் செய்தார். பார்ப்பவர் ஒருவரையொருவர் பார்ப்பதை விடுத்து மேடையை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். நான் மரபு என்று நினைத்துக் காப்பாற்றிய அமைதிக்கு வயது 150 ஆண்டுகளே. நான் அநாகரிகம் என்று நினைத்து அடக்கிய குரலுக்கோ வயது ஈராயிரத்துக்கும் மேல்.

நூல்களில் தேடிய விடை நான் பிறந்து வளர்ந்த இந்நகரத்திலேயே கண்ணெதிரில் இருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். சிறுவனாக இருந்தபோது தந்தையார் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலஸ்டியர் ரோட்டிலுள்ள கோ சோர் துவா பெக் கோங் ஆலயத்துக்கு அழைத்துச் செல்வார். கரும்புத் தோட்டத்தில் உழைத்த ஹொக்கியன் மக்கள் 1847இல் எழுப்பிய ஆலயம் அது. அதன் வளாகத்தில் 1906இல் கட்டப்பட்ட சீன நாடக மேடை ஒன்று இன்றும் நிற்கிறது. மேடை தெய்வத்தை நோக்கியே இருக்கும். மனிதர் நடுவே அமர்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் தந்தையாருக்குத் தெரியாது. ஆயினும் நம்மவர் ஒருவரிடம் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் நின்று பார்ப்பார். சீனப் பாட்டிகள் விசிறியால் வீசிக்கொண்டே, கதாபாத்திரங்களைத் திட்டுவார்கள்; கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்; பேரப்பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவார்கள். ஒருமுறை நீண்ட தாடி வைத்த ஒருவன் மேடையில் ஓர் இளம்பெண்ணை அறைந்தபோது, தந்தையார் 'அடப்பாவி!' என்று தமிழிலே கத்தினார். பக்கத்திலிருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டி, தன் மொழியில் அதையே சொன்னாள் என்று நினைக்கிறேன். அங்கே எவரும் 'உஷ்' என்று சொல்லவில்லை.

ஸ்மித் தெருவில் 1887இல் மூன்று மாடி நாடகக் கொட்டகை ஒன்று எழுந்ததும், சீனர்கள் அத்தெருவையே நாடகத் தெரு என்று அழைத்தனர். அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். ஐப்பசியில் தீமிதி நடைபெறுவதற்கு முன் சில வாரங்களுக்குப் பாரதக் காட்சிகள் அங்கே நிகழ்கின்றன: பாஞ்சாலி திருமணம், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, படுகளம். தீமிதி நாளன்று சிராங்கூன் ரோட்டு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து பக்தர்கள் நடந்தே சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வருகிறார்கள். அங்கே பார்ப்பவன் யார், நடிப்பவன் யார் என்று கோடு கிழிக்க இயலாது. பூமிதிக்கும் இளைஞன் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்பவனாக இருக்கலாம். ஆயினும் அந்த இரவில் அவன் பாரதத்துக்குள் இருக்கிறான்.

பழைய அவையைப் புகழும்போது அதன் குறையை மறைப்பது நேர்மையன்று. பரதரின் அரங்கில் நான்கு தூண்களுக்கு நான்கு வருணங்களின் பெயரை இட்டார்கள். இலண்டனில் பென்னியின் எண்ணிக்கை இடத்தை முடிவு செய்தது. எங்கள் ஊரில் ஓர் ஓடை முடிவு செய்தது. எண்ணிட்ட நாற்காலி ஓர் அருஞ்செயலைச் செய்தது: சீட்டு வாங்கியவன் எவனாயினும் ஏழாவது வரிசையில் அமரலாம் என்று அது சொன்னது. அதனால் அந்த நாற்காலியை நான் இன்றும் வணங்குகிறேன். ஆயின் என் தந்தையாரின் வாழ்வை இவ்வாறு சுருக்கிச் சொல்லலாம்: ஓடைக்கு அப்பால் அவருக்குக் குரல் இருந்தது, இடம் இல்லை, நகரத்து மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது, குரலை அவருடைய மகன் பறித்துக்கொண்டான். வாழ்நாளிலேயே முதன்முறையாக நடிகனின் முகம் தெரியும் தொலைவில் அமர்ந்தவர் அவர். அந்த முகத்தில் கண்ட துயரம் தாங்காமல்தான் எழுந்தார். அதனை அறிந்துகொள்ள எனக்கு அத்தனை நூல்கள் தேவைப்பட்டன.

அமைதியாகப் பார்ப்பது தவறென்று நான் கூறவில்லை. நுண்ணிய நடிப்பும் தாழ்ந்த குரலும் அமைதியை வேண்டுகின்றன. பரதரே அதனைத் தெய்விக வெற்றி என்றார். ஆனால் அமைதிக்குள் ஒரு மனம் உருகிக்கொண்டிருக்க வேண்டும். உருகாத அமைதி வெறும் ஒழுங்கு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இடைவேளையில் காப்பி குடித்து, நடிப்பு சுமார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பும் என்னைவிட, பானை போய்விடுமே என்று பதறிய மனிதர் நாடகத்தை முழுமையாகப் பார்த்தார் என்பது என் துணிபு. அடுப்படியில் பானையில்லாத ஒரு நாளை அவர் எங்கோ எப்போதோ கண்டிருக்க வேண்டும். அதைப் பற்றியும் நான் அவரிடம் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு தமிழ் நாடகத்துக்குப் போயிருந்தேன். விளக்குகள் அணைந்தன, கைத்தொலைபேசிகளை அணைக்கச் சொன்னார்கள், அமைதி நிலவியது. கதையில் ஒரு முதியவர் மழையில் தனியே விடப்பட்டார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி, 'தாத்தாவுக்கு யாராவது குடை கொடுங்களேன்!' என்று உரக்கச் சொன்னாள். தலைகள் திரும்பின. தாய் அவள் வாயைப் பொத்த விரைந்தாள். நான் மட்டும் திரும்பவில்லை. இருட்டில் என் கைகள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தன.

அந்த நடிகர் இன்று உயிரோடு இல்லை. தேக்கா சந்தையில் நான் சொல்லத் தவறியதை அவரிடம் இனிச் சொல்ல இயலாது. ஆகவே அன்று அந்த மண்டபத்தில் இருந்து, இன்று இந்நூலைப் படிக்கக்கூடிய எவருக்கேனும் சொல்லிவைக்கிறேன். 1974ஆம் ஆண்டு ஓர் இரவில், ஏழாவது வரிசையிலிருந்து எழுந்து, பானையைக் கீழே வைக்கச் சொன்னவர் என் தந்தையார்.